சரியாகக் கழுவாத பம்பு

களைமருந்து அடிப்பதில் இஞ்ஞாசியை மிஞ்ச ஆளில்லை என்று சிங்கப்பூரின் சுவா சூ காங் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. நகரத்தில் ஒரு விளையாட்டு மன்றத்தின் புல்தரைக்குப் பன்னிரண்டு வருடமாக மருந்து அடிக்கிறவர். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் முறுக்கிச் சாகடிக்கும் மருந்து அது. சனிக்கிழமை மத்தியானம் அதே பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பயிரை மூடி வளரும் லாலான் புல்லுக்கு வேறொரு மருந்து அடித்துக் கொடுப்பார். கூலி கேட்கமாட்டார். ஒரு கோப்பியும் நாலு புகழ்ச்சியும் போதும் மனுஷருக்கு.

1961இல் பாக்கியலட்சுமிக்குக் கை முறிந்தது. கணவனை இழந்தவள், பயத்தங்காய்ப் பாத்திதான் அவளுக்குச் சோறு. களை பிடுங்க முடியாமல் வரிசைகளுக்கு நடுவே லாலான் மண்டிவிட, இஞ்ஞாசியைக் கூப்பிட்டாள். மருந்து மாற்றுமுன் பம்பைச் சோடா உப்பு போட்டு மூன்று தடவை கழுவவேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், அன்று மழை இருட்டிக்கொண்டு வரவே, ஒரே ஒரு அலசு அலசிவிட்டு அடித்தார்.

ஐந்தாம் நாள் பயத்தங்கொடிகள் நுனி சுருண்டு, தண்டு கோணி நின்றன. பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. மன்றத்துக் களைகள் சாகிற சாவு அது.

"என்ன நோவுண்ணே இது?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

"பார்ப்போம்மா" என்றார். பாழாய்ப்போன கௌரவம் அதற்குமேல் பேசவிடவில்லை. அந்த ஞாயிறு மாதா கோயில் பூசையில், பொய்யை மனதில் வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்கக் கூடாதென்று, எழுந்து போகாமல் பின்வரிசையிலேயே நின்றார்.

இவர் வாய் திறக்காததால் அவள் விதையைச் சந்தேகப்பட்டாள். சிராங்கூன் ரோட்டில் ஹனீபாவின் விதைக்கடைக்குப் போய், கடை நிறைய ஆள் இருக்கையில், கெட்ட விதையை விற்று வயிற்றில் அடித்த திருடன் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தாள். அதை அவள் வாயாலேயே கேட்டபோது இஞ்ஞாசிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"விதை நல்ல விதைதாம்மா. நான்தான் பம்பைச் சரியா கழுவல" என்றார்.



"பயிரு போனா திரும்பப் போட்டுக்கலாம்ணே. அந்த பாயை நாலு பேரு முன்னாடி திருடன்னு சொல்லிட்டேனே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம் லா" என்றாள் அவள்.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துக் கடைக்குப் போனார்கள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் இஞ்ஞாசி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடையில் அன்றும் கூட்டம். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பாக்கியலட்சுமி முந்திக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு நல்ல கையைச் சேர்த்துக் கும்பிட்டு, "தப்பா பேசிட்டேன் பாய், மன்னிச்சிருங்க" என்றாள்.

யாரால் வந்த வினை என்று அவள் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொன்னவர் இஞ்ஞாசிதான், அழுதுகொண்டே.