சண்முகவேல் வாத்தியார் கண்டுபிடித்த சுபாவங்கள்

ராசிபுரத்துக்குக் கிழக்கே, பாதி நெசவும் பாதி வெள்ளாமையுமாக இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சண்முகவேல்தான் ஹெட்மாஸ்டர். 1936 கோடையில் சேலத்துக்குப் பயிற்சி வகுப்புக்குப் போகும்வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பிரம்பால் அடித்துவந்தார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். அதனதன் சுபாவம் அறிந்து தனித்தனியாகப் போதிக்க வேண்டும்.

சுபாவத்தை அறிய அவர் அதிகம் சிரமப்படவில்லை. அப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டார். குடியானவர் பிள்ளைகளின் சுபாவம் அவருடைய கடலைக்காட்டில் களை பிடுங்குவது என்று தெரியவந்தது. நெசவுப் பிள்ளைகளுடையது, தறிக்கு வேண்டிய சிறு குழல்களில் நூல் சுற்றுவது. சுற்றிய நூலெல்லாம் சாயங்காலம் அவர் மச்சானின் தறிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய மகன் கைலாசத்தின் சுபாவம் மட்டும் படிப்பு. அவன் புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்குவான்.

இதே கொள்கையைப் பிறகு நானும் கல்லூரியில் படித்தேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆளின் கைக்கு அது எப்படி இவ்வளவு வாகாகப் பொருந்தியது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் தெய்வநாயகி என்று ஒரு பெண். தகப்பன் இல்லை, தாய் முத்தாயம்மாள் கூலிக்கு நெய்பவள். ஐந்தாவது தேறினால் சேலத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் தறிதான். ஒருநாள் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் தாய். போன வருஷம் சரளமாகப் படித்த பாடத்திலேயே பிள்ளை தடுமாறியது.

மறுநாள் முத்தாயம்மாள் பள்ளிக்கூடம் போனபோது பள்ளிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மேஜைமேல் நூல் குழல்களைப் பரப்பி வாத்தியார் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, நூல் சுத்தறதுக்கு எங்கூட்டுலயே ராட்டை கெடக்குது. அதுக்கா இங்க அனுப்பறனுங்க?"

"ஏம்மா, உம்பட புள்ளை விரலைப் பாரு. பேனா புடிக்கற விரலா அது?"

"உங்க பையன் விரலு எந்நேரமும் மூக்குக்குள்ளாறதானுங்க கெடக்குது. அவனுக்கு என்ன தொழிலுங்க பாத்து வெச்சிருக்கீங்க?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "நவீனக் கல்வி இவங்களுக்குப் புரியறதில்லைங்க ஐயா" என்றார். ஐயா தலையாட்டினார். கடலை மூட்டை ஏற்கெனவே அவர் வண்டியில் ஏறியிருந்தது.

"எந்திரி சாமி, போலாம்" என்று மகளின் கையைப் பிடித்தாள் முத்தாயம்மாள்.

"சுபாவத்துக்கு விரோதமாக் கொண்டுபோறே. புள்ளை கெட்டுப்போகும்" என்று பின்னால் கத்தினார் வாத்தியார்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்பில்தான் உட்காரவைத்தார்கள். சேலம் அந்த அளவுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த ஊர் வாத்தியாருக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடம். எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். பொடிசுகளுக்கு நடுவே ஒட்டகம்போல் உட்கார்ந்து, தெய்வநாயகி எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.