ஈசானிய மூலையில் இல்லாத கிணறு

1982 வைகாசியில் காரைக்காலில் ஒரு வீடு விலைக்கு வந்தது. நான் கோட்டுச்சேரியில் பள்ளி ஆசிரியர். டவுனில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வாடகை வீட்டில் கிணறு கிடையாது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். அதனால் அந்த வீட்டில் அவள் முதலில் பார்த்தது கிணற்றைத்தான்.

இறைத்துக் குடித்தேன். கடலோர ஊருக்கு அதிசயமாக, உப்பே இல்லை. ஆனால் அது இருந்த இடம் உறுத்தியது. கொல்லையின் தென்மேற்கு மூலை. எங்கள் பக்கத்தில் வடகிழக்கில், ஈசானியத்தில்தான் கிணறு வெட்டுவார்கள். தென்மேற்கில் வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. விற்பவருக்கு இருந்தது. ராகுகாலம் முடியும்வரை எங்களை வாசலிலேயே நிறுத்திவைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் அங்கே ஏன் வெட்டினார்?

ஈசானிய மூலையில் வைக்கோல்போர் நின்றது. மாட்டைக் காணோம்.

“மாட்டப் போன வருஷமே குடுத்தாச்சு தம்பி. ஆடி பொறக்குறதுக்குள்ள பத்திரத்த முடிக்கணும், அதப் பேசுங்க” என்றார் விற்பவர்.

வைக்கோலோ அந்தத் தை அறுவடையின் மஞ்சள் மாறாமல் இருந்தது.

அடுத்த தெரு டீக்கடையில் விசாரித்தேன். எழுபதுகளின் நடுவில் அந்தக் கொல்லையில் விசைப்படகுகளுக்கான டீசல் பீப்பாய்களை அடுக்கியிருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். சொன்னவுடனே கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

மனை வாங்குகிறவர்கள் குழி தோண்டி, அதே மண்ணைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுண்டு. மண் மிஞ்சினால் நல்ல மனை. சாஸ்திரம் பார்க்கிற மனிதர் இதை மறுக்க முடியாது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூலியாளோடு போனோம்.

“தாராளமா பாருங்க. கொல்ல நடுவுல தோண்டுங்க.”

“ஈசானியத்துலதான பாக்கணும், ஐயா?”

“வைக்கப்போர யாரு பிரிக்கிறது?”

“நாங்களே பிரிச்சுக்கிறோங்க” என்றாள் என் மனைவி, இடுப்பில் கையை ஊன்றியபடி. வயிற்றுப்பிள்ளைக்காரியின் பேச்சை அவரால் தட்ட முடியவில்லை.

இடுப்பளவில் மணல் கறுத்தது, டீசல் வாடை வந்தது. இன்னும் கீழே சுட்டமண் உறை ஒன்றின் விளிம்பு தட்டுப்பட்டது. தூர்த்துவிட்ட பழைய கிணறு. கழுத்தளவில் தண்ணீர் கசிந்து, மேலே பல நிறத்தில் ஏடு படர்ந்தது.

“சார், வீடு எதுக்கு? பேசாம பெட்ரோல் பங்க் வைங்க” என்றார் கூலியாள்.

விற்பவர் சிரிக்கவில்லை. “இரும்புத் தண்ணி தம்பி. நம்ம மண்ணுல எங்க தோண்டுனாலும் ஏடு கட்டும்.”

அதுவும் பொய்யில்லை. ஆனால் இரும்பு ஏட்டைக் குச்சியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடைந்து நிற்கும்; எண்ணெய் விலகி மறுபடி கூடும் என்று படித்திருந்தேன். குழிக்குள் இறங்கி ஒரு குச்சியால் கீறினேன். ஏடு விலகியது. பிறகு மெல்ல ஒன்றுசேர்ந்தது.

“சரி, பழசு கெட்டுப்போச்சு, தூத்துட்டேன். புதுக் கிணத்துத் தண்ணிய நீங்கதான குடிச்சீங்க?” என்றார் அவர்.

மண்ணுக்கடியில் எண்ணெய் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் மனைவிதான் பேசினாள். “ஐப்பசி மழை பெய்யட்டும் ஐயா. தண்ணி ஏறுனா எண்ணெயும் கூடவே நகருமில்ல? ஊத்து ஏறுனப்பறமும் புதுக் கிணறு இப்படியே இருந்தா வாங்கிக்கிறோம்.”

“ஆனி வரைக்குந்தாம்மா பாப்பேன். மழை வரைக்கும் யாரு காத்திருக்கிறது?”

தெருவில் இறங்கியதும், “மழைன்னதும் மொகத்தப் பாத்தீங்களா?” என்றாள். அத்துடன் வீட்டை விட்டுவிட்டோம்.

ஆனிக் கடைசியில் வேறொருவர் வாங்கினார். ஆவணியில் அவர்கள் பால் காய்ச்சியதாகக் கேள்விப்பட்டதும் போய், பார்த்ததையெல்லாம் சொன்னேன். புது வீட்டுக்காரர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“நீங்க கேட்டுக் கெடைக்காத வீடாமே இது?”

“நாங்கதாங்க வேணான்னோம்.”

“வயித்தெரிச்சல்ல சொல்றீங்க. நாங்க பயந்து ஓடுனா நீங்க அள்ளிக்கலாம், அதான?”

“இல்லீங்க. மழை பெஞ்சதும் தண்ணிய ஒரு தடவ மோந்து பாருங்க, போதும்.”

“இந்தத் தண்ணிய நீங்க குடிச்சீங்களா இல்லியா?”

“குடிச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்பறம் என்ன சார்” என்று கதவைச் சாத்தினார்.