சிவப்பு அட்டை கட்டிய மஞ்சள் பூ

கம்பெனித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை என்பது, செடிக்குத் தெரியாத சட்டங்களைச் செடியிடம் அமல்படுத்துவது. உங்களில் யாராவது இதில் மாட்டியிருந்தால் என்னோடு சேர்ந்து அழலாம்.

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் புல்வெளி என் பொறுப்பு. மழை விழுந்தால் போதும், சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூவோடு ஒரு களை கிளம்பிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும்போது ஒரு பூ கண்ணில் பட்டாலும் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சிவப்பு அட்டை

வேண்டாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். கட்டியதை மேனேஜர் கையெழுத்தில்லாமல் யாரும் அகற்றக்கூடாது. தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் முருகேசன், திருநெல்வேலிக்காரர், ஒவ்வொரு களைக்கும் ஓர் அட்டை கட்டிவிட்டார். மேனேஜரோ பத்து நாள் விடுப்பில்.

நானும் களையெடுக்கும் கனகம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, களை நிம்மதியாக விதை தூவியது. முருகேசனிடம் கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, ஸ்பேனரா இருந்தாலும் செடியா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான். வேணும்னா தண்ணி ஊத்தாம இருங்க."

தலைமுடி

கையெழுத்து வந்தபோது புல்வெளியே மஞ்சள். வாடிக்கையாளர் வர இரண்டே நாள்; நாங்கள் இருவர் பிடுங்கித் தீராது. அந்த இலை முடிக்கு நல்லதாம் என்று கேன்டீனில் மெல்ல ஒரு வார்த்தை விட்டேன். ஷிப்ட் முடிந்ததும் கூட்டம் பாய்ந்தது. இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு பூவை அப்படியே விட்டுப்போனார்கள். இப்போது கேட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. தர்மபுரிக்கார ஃபிட்டர் ஒருவரைப் பிடித்து, வேரோடு பிடுங்கக்கூடாதா என்றேன்.

"புடுங்கிட்டா நாளைக்கு இலைக்கு எங்க சார் போறது? மண்டை இன்னும் வழுக்கையாதான இருக்குது."

வாரன்டி

வந்த வாடிக்கையாளர் பூவைப் படமெடுத்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஒப்பந்தமும் பிழைத்தது. மே மாதம் அந்தப் பூவைப் பார்க்க அவர் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. ஆனால் அது ஒரே பருவத்துச் செடி; பூத்து, விதைத்து, செத்துப்போயிருந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "வாரன்டி எத்தனை மாசம்? சப்ளையர் யாரு?" என்று கேட்டார். "மழைதான் சார்" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

"ஒரு ரிமைண்டர் அனுப்புங்க. அவர் வர்றதுக்குள்ள சரக்கு வரலைன்னா சப்ளையரையும் மாத்திடுவோம், உங்களையும் மாத்திடுவோம்."

மழை சரியான நேரத்தில் சரக்கை இறக்கி என் வேலையைக் காப்பாற்றிவிட்டது என்றாலும், களையெடுக்கச் சம்பளம் வாங்குகிறவன் களை முளைக்கச் சாமி கும்பிட்ட கதையைக் கனகம்மா மத்திகிரி பஸ்ஸில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.