இஞ்ஞாசி வேய்ந்த கோழிக்கூட்டுக் கூரை

மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். அந்தக் கடற்கரையில் வள்ளத்தில் ஓட்டை என்றால் இஞ்ஞாசியைத்தான் கூப்பிடுவார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய்ச் சவுரிநாரைத் திணித்து, மீன் நெய் பூசி அவன் இறக்கிவிட்ட வள்ளத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் ஏறியதில்லை. ஊரார் வள்ளத்துக்குத்தான் இந்தச் சீர். அவன் வீட்டுக் கூரை ஆனி முழுக்க ஒழுகும். கோழிக்கூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மழை வந்தால் கோழிகள் கூட்டைவிட்டு வெளியே வந்து முருங்கை மூட்டில் நிற்கும். அங்கேதான் நனைவு குறைவு.

கடலில் மீன்பாட்டுக்கும் போவான். போன ஆடியில் காற்றில் சிக்கி இரண்டு நாள் கடலில் கிடந்து வந்தவன். கள்ளுக்கடையில் அந்தக் கதையைச் சொல்லும்போது அது ஐந்து நாளாகிவிடும்.

அவன் பெண்டாட்டி சவரியம்மாள் அந்தோணியாருக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். வளர்த்த முதல் சேவல் மழையில் விறைத்துச் செத்தது. இரண்டாவதும் ஐப்பசியில் அதே வழியில் போயிற்று. எதற்காக நேர்ந்தாள் என்று இஞ்ஞாசிக்குத் தெரியாது. ஒப்புக்கொடுக்கும் நாள் வரை காரணத்தை வெளியே விடக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். வயிறு ஊதிக் கிடந்து பிழைத்த ஆட்டுக்காகத்தான் இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"அந்தோணியாருக்கு ஆட்டு வைத்தியமும் தெரியுமாட்டி?" என்பான். அவள் சட்டியைக் கொஞ்சம் ஓசையாக வைப்பாள்.

சித்திரையில் மூன்றாவது சேவலைக் கூட்டில் விட்ட அன்று வாய் திறந்தாள்.

"இஞ்ச பாருங்க. இதும் செத்துதுன்னா அந்தோணியாருக்க மொகத்துல முழிக்க எனக்குக் கழியாது. கூரைய நேராக்காம ஒங்களுக்குச் சாளைக்கறி கெடையாது."

சாளைமீன் கறி இல்லாமல் என்ன பிழைப்பு? இஞ்ஞாசி மறுநாளே வேலையில் இறங்கினான். "ரெண்டு ஓடு வாங்கிப் போட்டா போதும்" என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. ஓடு போட எவனுக்கும் தெரியும். கரையில் உடைந்துகிடந்த ஒரு பழைய வள்ளத்தின் பலகைகளை இழுத்துவந்து, தைத்து, சவுரி திணித்து, வள்ளத்தைக் கவிழ்த்தது போலக் கூட்டின்மேல் ஏற்றினான். கடைசியில், வள்ளத்துக்குச் செய்வது போலவே, சாளை நெய்யை உள்ளும் புறமும் தாராளமாகப் பூசினான்.

கோடைமழை பெய்தது. கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் குனியவைத்துக் காட்டினான்.

"நோவாவுக்க பேழைக்கும் இந்த ஒறப்பு கெடையாது, கேட்டியா?"

வெயில் ஏறியதும் வினை பிடித்தது. வள்ளம் கடலில் கிடப்பது, கூரை அடுக்களைக்குப் பின்னால் வெயிலில் காய்வது. இந்த யோசனை அவனுக்கு வந்திருக்கவில்லை. நெய் உருகி உள்ளே சொட்டியது. மழையில் நனையாத சேவல் நெய்யில் நனைந்தது. ஊர்ப் பூனைகள் மொத்தமும் கூரைமேல் உட்கார்ந்து பலகையை நக்கின. சவரியம்மாள் துடைப்பமும் கையுமாகக் காவல் இருந்தாள். சேவலைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். நாற்றம் போகவில்லை, உயிர் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் அந்தோணியார் பெருநாள் வந்தது. பூசை முடிந்து, நேர்ச்சைக் கோழிகளைக் கோயில் முற்றத்தில் ஏலம் விட்டார்கள். உபதேசியார் செல்வதாஸ் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, யார் எதற்காக நேர்ந்தது என்று சொல்லிவிட்டு விலை கேட்பார். சவரியம்மாள் அவர் காதோடு சொன்னாள். அவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் சேவலைத் தூக்கினார்.

"சவரியம்மாளுக்க நேர்ச்சை. போன ஆடியில கடல்ல காணாமப் போன மாப்பிள இஞ்ஞாசி உயிரோட கரை சேந்ததுக்கு."

இஞ்ஞாசியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. கரையேறி வந்தவன் நேரே கள்ளுக்கடைக்குத்தான் போனான். அந்த இரண்டு நாளும் அவள் என்ன பாடுபட்டாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. 

சேவலுக்கு யாரும் விலை சொல்லவில்லை. முன்வரிசைக்காரர்கள் பின்னால் நகர்ந்தார்கள். விலைபோகாத நேர்ச்சையைப் புனிதர் ஏற்கவில்லை என்பது அங்கே பேச்சு.

"இஞ்ஞாசிக்க உயிருக்கு ஒருத்தனும் வெல சொல்லலியேடே" என்றான் வள்ளக்காரன் குமாரதாஸ். முற்றமே சிரித்தது. சவரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இஞ்ஞாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு நல்ல கிடாய்க்குக் கொடுக்கிற விலையைச் சொன்னான்.

"கோழிக்கா?" என்றார் செல்வதாஸ்.

"எனக்காக்கும்."

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

"ஏட்டி, ஆட்டுக்குன்னுல்லா நான் நெனச்சேன்."

"ஆட்டுக்கு எதுக்கு நேர்ச்சை? அது கடலுக்கா போவுது?"

அன்று சாயங்காலமே அவன் ஏணியைச் சாத்தி வீட்டுக் கூரையில் ஏறினான். அதற்கு முன்பே அவள் சாளை நெய்ச் சட்டியை ஒளித்துவைத்திருந்தாள்.