துடுப்புச் சத்தத்துக்கு வரும் முதலை

மட்டக்களப்பில் நடந்த மூன்று நாள் பயிற்சி வகுப்பு வெள்ளிக்கிழமை முடிந்தது. மன்னாருக்குத் திரும்ப ஞாயிறு காலைதான் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான் தபால் கந்தோரில் வேலை செய்பவள். நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடைப்பது எனக்கு அதிசயம். தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கடலும் உப்புநீர்க் களப்பும் ஒரே பார்வையில் தெரியும் இறங்குதுறை, வானத்தை மறைக்கும் பறவைகள், துறைக்குக் கீழே வாயைப் பிளந்த முதலை. போய்ப் பார்க்காமல் போகாதீர்கள் என்றார்.

காலை 5.40. திருகோணமலை பஸ்ஸில் இருநூற்று எண்பது ரூபாய் கொடுத்து யன்னலோர இருக்கையைப் பிடித்தேன். ஏறாவூர், செங்கலடி கடந்து வாழைச்சேனையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ஓட்டமாவடியில் நெல் மூட்டை ஏற்றிய லொறிகள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றதால் இன்னும் கால் மணி நேரம். பிறகு பொலன்னறுவை வீதியை விட்டு வடக்கே திரும்பியதும் வீதி காலியானது. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கம் கடல், இடப்பக்கம் களப்பு. பக்கத்தில் இருந்தவர் கதிரவெளிக்குப் போகும் வலைக்காரர். எங்கே இறங்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "முதலை பாக்கவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

காலை 7.50. மட்டக்களப்பிலிருந்து அறுபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். இறங்கிய ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். வீதியிலிருந்து மணல் பாதையில் இரண்டு கிலோமீற்றர் நடை. பாதை முடியும் இடத்தில் ஒரே கம்பத்தில் இரண்டு பலகைகள். மேலே மூன்று மொழிகளில் 'முதலைகள் அவதானம்'. கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'முதலை பார்க்கும் இடம்', ஒரு அம்புக்குறியுடன். அப்போது சிரித்தேன். கைபேசியில் படமும் எடுத்தேன்.

துறை அழகானது, அதை மறைக்க மாட்டேன். அறுபது மீற்றர் நீளக் கொங்கிரீட் பாதை, நீலம் பூசிய கைப்பிடிக் கம்பிகள். நுனியில் போய் நின்றால் கிழக்கே ஒரு மணல் திட்டு. அதற்கு அந்தப் பக்கம் கடல் வெள்ளையாக நுரைத்து விழுகிறது. இந்தப் பக்கம் களப்பு அசையாமல் கிடக்கிறது. அக்கரையில் கண்டல் மரங்களின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தபடி இருந்தன. ஆழமில்லாத இடத்தில் கூழைக்கடாக்கள் ஏழெட்டு வரிசையாக நீந்தி, ஒன்றாகவே அலகைத் தண்ணீருக்குள் விட்டு, ஒன்றாகவே தூக்கின. செம்பருந்து ஒன்று தலைக்கு மேல் தாழ்ந்து போனது. கடல் காற்றில் உப்பும் கண்டல் சேற்றின் மணமும் கலந்து வந்தன.

8.35. ரஞ்சன் என்ற படகுக்காரர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு நண்டு வலை போட்டவர். இப்போது வருகிறவர்களுக்கு முதலை காட்டுகிறார். ஒரு வாளி நிறையக் கோழிக் கழிவு வைத்திருந்தார். பை ஒன்று ஐந்நூறு ரூபாய். வாங்கினேன். துடுப்பின் தட்டைப் பக்கத்தால் தண்ணீரில் மூன்று முறை ஓங்கி அடித்தார். அக்கரை மணலில் மரக்கட்டை என்று நான் நினைத்திருந்த ஒன்று அசைந்து தண்ணீருக்குள் நழுவியது. சில நிமிடங்களில் எங்கள் காலடியில் இரண்டு கண்கள் எழும்பின. கோழியை எறிந்தார். தண்ணீர் வெடித்தது. இரண்டு ஆள் நீளம் இருக்கும். துறைக் கம்பிக்கு ஒரு முழம் கீழே வரை பாய்ந்தது.

நான் கத்தினேன், பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். வீடியோ எடுத்தேன். போதாதென்று இரண்டாவது பையும் வாங்கினேன். நின்ற இடத்திலிருந்தே வீடியோவை வீட்டு வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இதையெல்லாம் எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இனி எழுதப்போகும் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை.

இடப்பக்கக் கரையில், கண்டல் நிழலில், ஏழு பெண்கள் இருந்தார்கள். பாவாடைக்கு மேல் ஆண்களின் பழைய சேட்டு, தலையில் துணி, இடுப்பில் பறி என்னும் பனையோலைக் கூடை. அவர்களும் முதலை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன். ரஞ்சன் தேநீர் குடிக்கப் போனதும் இறங்கி அவர்களிடம் போனேன். மூத்தவருக்கு ஐம்பது வயது, பெயர் புவனேஸ்வரி. பார்த்து முடிந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப நாங்க இறங்கலாம்," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வாகனத்துக்கு வழிவிட்டு நின்றவர் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர்கள் இறால் பிடிப்பவர்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவிப் பிடிப்பார்கள். புவனேஸ்வரி பன்னிரண்டு வயதிலிருந்து இந்தத் தண்ணீரில் இறங்குகிறார். முதலைக்குப் பயமில்லையா என்று கேட்டேன். கேள்வியின் அசட்டுத்தனம் எனக்கே கேட்டது.

"முன்ன இறங்கக்குள்ள கையால தண்ணில ரெண்டு அடி அடிப்பம்," என்றார். "முதலை கிடந்தா விலகிப் போயிரும். எங்கட அம்மாவும் அப்பிடித்தான் இறங்கின. இப்ப அடிச்சா வருது, தங்கச்சி."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் கோழி நாறிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் சேட்டின் இடது கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே சதை இழுத்துத் தைத்த தழும்பு. போன மாரி முடிந்த கையோடு, துறைக்குச் சுற்றுலா வான்கள் வரத் தொடங்கிச் சில மாதங்களில் நடந்தது. வழக்கம்போல இறங்கினார், வழக்கம்போல அடித்தார். பிறகு, தண்ணீர் கீழே இழுத்தது மட்டும்தான் நினைவு. மற்றப் பெண்கள் பறியால் அடித்து, சேட்டைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தார்.

முறைப்பாடு செய்தார்களா என்றேன். மூன்று கந்தோர்களுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு இடத்தில் துறை தங்களுடையது, முதலை தங்களுடையது அல்ல என்றார்களாம். இன்னொரு இடத்தில் முதலை தங்களுடையது, துறை அல்ல என்றார்களாம். மூன்றாவது இடத்தில் ஒரு அம்மா மிகவும் அன்பாகப் பேசி, இறால் தொழிலை விட்டுவிட்டுத் தையல் வகுப்புக்கு வரச் சொன்னாராம்.

"என்ட கையிலயே போதுமான தையல் கிடக்கு என்டு சொல்லிட்டு வந்தன்," என்றார் புவனேஸ்வரி. ஏழு பேரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

அந்த மூன்று கந்தோர்களும் சேர்ந்து செய்தது ஒன்றே ஒன்று: கம்பத்தில் மேலே இருந்த அவதானப் பலகை. யார் அவதானமாக இருக்க வேண்டும்? கம்பிக்குப் பின்னால் நிற்கும் நானா? தண்ணீருக்குள் கழுத்தோடு குந்தியிருக்கும் இவர்களா?

இப்போது அவர்கள் தண்ணீரில் அடிப்பதில்லை. சத்தமில்லாமல் இறங்குகிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி துறை நுனியில் காவல் நிற்பாள். அக்கரை மணலில் முதலை படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அன்று அவளுக்குப் பிடிப்பு இல்லை; மற்றவர்கள் தங்களுடையதில் ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். புவனேஸ்வரி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"அதை மட்டும் பாருங்க. பறவையப் பாக்காதீங்க," என்றார்.

9.35. முதலை அக்கரையில் ஏறிப் படுத்திருந்தது. ஏழு பேரும் இறங்கினார்கள். நான் துறை நுனியில் நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த அதே களப்புத்தான். இப்போது அதில் மிதந்த ஒவ்வொரு தடியும் எனக்கு முதலையாகத் தெரிந்தது. நீர்க்காகம் மூழ்கி எழும்பும்போதெல்லாம் வாய் திறந்தேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. பின்னால் கூழைக்கடாக்கள் எழும்பும் சிறகோசை கேட்டது, திரும்பவில்லை. கீழே ஏழு தலைகள் மெதுவாக நகர்ந்தன. இடையிடையே ஒரு கை எழும்பி, பறிக்குள் எதையோ போட்டுவிட்டு மறைந்தது.

10.45. வான் ஒன்று வந்து நின்றது. கதவுகள் படபடவென்று மூடின. கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம்: தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். ரஞ்சன் வாளியோடும் துடுப்போடும் அவர்களுக்கு முன்னால் வந்தார்.

பெண்கள் தண்ணீருக்குள் நிற்பதைக் காட்டினேன். அவருக்குத் தெரியாததல்ல. அவர்கள் இடப்பக்கம் தள்ளித்தானே நிற்கிறார்கள், தான் வலப்பக்கம் அடிப்பதாகச் சொன்னார். முதலைக்கு இடம் வலம் தெரியுமா என்று கேட்டேன். சனிக்கிழமையை விட்டால் தனக்கு உழைப்பில்லை, தான் நிறுத்தினால் வேறொருவர் வருவார் என்றார். என் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயரவில்லை.

"காலைல நீங்களும் ரெண்டு பை வாங்கினீங்கதானே அக்கா," என்றார்.

நான் தகப்பனிடம் திரும்பி நடந்ததைச் சொன்னேன், கை, தழும்பு, எல்லாம். தாய் கேட்டார். தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளுக்காக ஆறு மணி நேரம் ஓடி வந்திருக்கிறோம், ஒரே ஒரு தரம் என்றார். அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம்.

திரும்பிப் பார்த்தேன். அக்கரை மணல் வெறுமையாக இருந்தது.

யாரும் தண்ணீரில் அடிக்கவில்லை. வான் கதவுச் சத்தமே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. துறைக்கும் பெண்களுக்கும் நடுவே, தண்ணீரில் ஒரு கோடு இழுபட்டுக்கொண்டிருந்தது. காவல் நின்றது நான். கத்தியது ரஞ்சன்.

"மச்சாள்! கரைக்கு வாங்க! எல்லாரும் வாங்க!"

அப்போதுதான் தெரிந்தது, புவனேஸ்வரி அவருடைய அண்ணன் மனைவி.

ரஞ்சன் துறையின் வலப்பக்கத்துக்கு ஓடினார். கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, துடுப்பால் தண்ணீரில் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வாளியை அப்படியே கவிழ்த்தார். கோடு ஒரு கணம் நின்றது. பிறகு வளைந்து, எங்களுக்குக் கீழாக, கோழியை நோக்கிப் போனது. வலப்பக்கம் தண்ணீர் வெடித்தது. இடப்பக்கம் ஏழு பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு, சேற்றில் விழுந்து எழும்பி, கரையேறினார்கள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. தகப்பன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வீடியோ எடுத்தார். முடிந்ததும், இவ்வளவு கிட்ட வரும் என்று தான் நினைக்கவில்லை என்று ரஞ்சனின் முதுகில் தட்டி, சேட்டுப் பையில் இரண்டு தாள்களைத் திணித்தார். ரஞ்சன் அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. துறையில் அப்படியே குந்திவிட்டார்.

12.30. புவனேஸ்வரியின் வீட்டு வாசலில் வெறும் தேநீர் தந்தார்கள். அவருடைய பறி தண்ணீரோடு போய்விட்டது. கண்ணை எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"ஒருத்தி எந்நாளும் கண்ணை எடுக்காம நிக்க ஏலுமா, சொல்லுங்க," என்றார். பிறகு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வான் இன்னும் கூட வரும், அதனால் தாங்கள் இறங்கப் போவதில்லை என்றார். அவர் சொன்னதில் ஆத்திரம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. களப்பில் பிறந்து வளர்ந்த ஏழு பெண்களுக்கு லீவு நாளைத் தீர்மானிப்பது, எங்கிருந்தோ வரும் எங்கள் வான்கள்.

1.40. திரும்பும் பஸ்ஸில் காலையில் அனுப்பிய வீடியோவை அழித்தேன். எங்கள் மன்னாரில் வீதியோரக் கழுதைகளுக்கு வெளியூர்க்காரர்கள் பாண் போடுவார்கள். கழுதைகள் பழகிப்போய், வாகனத்தைக் கண்டால் நடுவீதிக்கு வந்து நிற்கும். அடிபட்டுச் சாகும். பாண் போட்டவர்கள் அதற்குள் அநுராதபுரம் தாண்டியிருப்பார்கள். பல வருடங்களாக அவர்களைத் திட்டி வந்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் தன் கைபேசியை நீட்டினார். கொழும்புக்காரரின் வீடியோ. 'வாழ்க்கையில் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்' என்று தலைப்பு. கீழே வரிசை வரிசையாக இதயங்கள். நீங்கள் போன பக்கம்தானே, இது எந்த ஊர் என்று கேட்டார். நான் ஊரைச் சொல்லவில்லை. கைபேசியை வாங்கி, படத்தை நிறுத்தி, இடது மூலையில் சேற்றில் விழுந்து கரையேறும் பெண்களை விரலால் பெரிதாக்கி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இது யார், இந்த ஆக்கள்?" என்றார்.