வாலில் வைத்த சந்தனம்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தாலும் பேச மாட்டார், பயம் வந்தாலும் பேச மாட்டார். போன விஜயதசமி காலை பட்டறைக்குப் போகும்போது வாயே திறக்கவில்லை. பயம்தான் என்று எனக்குத் தெரியும்.

மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் பட்டறையில், கண்காட்சிக்கு வைக்கிற பெரிய மாதிரி விமானங்கள் செய்கிறார்கள். மெல்லிய இரும்புக் குழாய்களைச் சூடாக்கி, பித்தளையை உருக்கி ஒட்டி விமானத்தின் உடம்புக் கூட்டைக் கட்டுவது அவர் வேலை. மூட்டில் துளி அழுக்கிருந்தாலும் பித்தளை ஒட்டாது; அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. இங்கே வருவதற்கு முன் வேறொரு இடத்தில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் மாட்டி அவருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆறிவிட்டது, ஆனால் முழுசாக மடங்காது.

"இந்த ஒரு கூட்டை முடிக்கட்டும். சரியா வரலைன்னா கேட்ல வாட்ச்மேனா போட்டுக்கலாம்" என்று முதலாளி என்னிடமே சொல்லியிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

கூட்டில் வால் பகுதி மட்டும் பாக்கி. பூஜைக்கு முன்பே அந்த மூட்டுகளை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தேன். ஆயுத பூஜையன்று முதலாளிக்குப் பக்தி முற்றிவிட்டது. லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார், வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கும் வைத்தார். ஒட்டாத வால் மூட்டுகளையும் விடவில்லை. அப்படி வைத்த பொட்டை எங்கள் பட்டறையில் யாரும் துடைக்க மாட்டோம். தானாக உதிர்ந்தால்தான் உண்டு.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலை சுபமாக நடக்க வேண்டும் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக்காரர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். குழாய் சிவந்தது. உருகிய பித்தளை, மூட்டுக்குள் ஓடாமல் உருண்டையாகத் திரண்டு மேஜையில் விழுந்தது.

மறுபடியும் பிடித்தார். மறுபடியும் உருண்டது.

அந்தக் குழாய் மெல்லிசு. திரும்பத் திரும்பச் சூடு காட்டினால் வால் கோணிக்கொள்ளும். கோணினால் மொத்தக் கூடும் குப்பைக்குத்தான்.

"இன்னாப்பா, கை நடுங்குதா?" என்றார் முதலாளி.

நடுங்கவில்லை. நான் அந்தக் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் இவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"நம்மளால முடியல மொதலாளி. கேட்லயே குந்திக்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து மூட்டைப் பார்த்தேன். இடுக்கில் கருகிய பொருக்கு. அடுத்த மூட்டில், இன்னும் தீ படாத இடத்தில், சந்தனம் ஈரத்தோடு உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. மேலே இருப்பது வெறும் பொட்டுதானே, தீயில் போய்விடும் என்று இவர் நினைத்திருக்கிறார்.

"யோவ், கை இல்லய்யா! உள்ள சந்தனம் பூந்துகினு கீது!"

உப்புத்தாளை எடுத்தேன். முதலாளி பதறிப்போனார். "ஏம்மா, சாமிக்கு வெச்சதும்மா. இன்னிக்குப் போய் தொடைக்கிறியே!"

"சாமி கோச்சிக்கினா என்னாண்ட கோச்சிக்கட்டும் மொதலாளி."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் சாமி பயம் உண்டு. நடுங்கியது என் கைதான். பொட்டையும் பொருக்கையும் சுரண்டி, தின்னர் துணியால் இடுக்கைத் துடைத்து, நகர்ந்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டார்ச்சைப் பார்த்தார். எடுக்கவே மாட்டாரோ என்று இருந்தது. பிறகு பற்றவைத்தார். பித்தளை தோசைக்கல்லில் விட்ட நெய் மாதிரி மூட்டைச் சுற்றி ஓடி இறங்கியது. மீதி மூட்டுகளையும் நான் துடைக்கத் துடைக்க அவர் ஒட்டிக்கொண்டே வந்தார். முதலாளி தானே மூக்கிலிருந்து வால் வரை நூல் பிடித்துப் பார்த்தார். வால் கோணவில்லை.

"றெக்கையையும் நீயே போட்டுடு" என்றார்.

இவர் டார்ச்சை அணைத்து வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாட்ச்மேன் சட்டைய மனசுல போட்டே பாத்துட்டேன்மே" என்றார்.

அந்த மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.