ஃபுளோரா டீச்சரின் சுண்ணாம்புத் தண்ணீர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பள்ளியில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஃபுளோரா டீச்சரின் கணவர் ஞானமுத்து அண்ணன் கேட் அருகில் வந்து நின்றார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், கழுத்துவரை பொத்தான் போடாமல் வெளியே வரமாட்டார். அன்று மேல் பொத்தான்கள் திறந்து கிடந்தன. "டீச்சரம்மா, ஃபுளோரா விடியக்காலம் போயிட்டா. மத்தவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

பிரேசர் டவுன் பெண்கள் பள்ளியில் ஃபுளோரா டீச்சர் ரசாயனம் நடத்தினார், நான் தமிழ் நடத்தினேன். அவரிடம் படித்தவர்களுக்கு ஆய்வகத்தில் நின்ற ஃபுளோரா டீச்சரைத் தெரியும். கரும்பலகையில் தானே தப்பாகக் கூட்டிவிட்டால், "பிள்ளைங்களா, தப்பு என்னுது, அழிச்சுட்டு எழுதுங்க" என்று கூசாமல் சொல்கிற ஃபுளோரா டீச்சர் அவர். நான் எழுத வந்தது அவருடைய வீட்டு முன்னறையைப் பற்றி. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், குழாயில் நல்ல தண்ணீர் வருவதே பெரும்பாடாக இருக்கிற ஊரில், அந்த அம்மாள் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடலை வைத்திருந்தார்.

முதலில் இது எனக்கு வெற்றிலை பாக்குக் கடையில்தான் தெரிந்தது. கடைக்காரர் என்னிடம், "உங்க ஸ்கூல் டீச்சரம்மா ஒருத்தங்க வாராவாரம் வர்றாங்க. வெத்தலை வேணாம், பாக்கு வேணாம், சுண்ணாம்பு மட்டும் போதுங்கிறாங்க. வெறும் சுண்ணாம்பையா சாப்பிடுறாங்க?" என்று கவலையோடு கேட்டார். நாளைக்கு வாய் வெந்துபோனால் பழி தன் கடைமேல் வருமோ என்று அவருக்குப் பயம். மறுநாள் நான் ஃபுளோரா டீச்சரிடமே கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தவர், "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, சாப்பிடுற ஆளைக் காட்டுறேன்" என்றார்.

போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே நின்றுவிட்டேன். ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் தொட்டி. அடியில் பவளப் பூச்சிகள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட கல்வீடுகள். நடுவில் சாமந்திப் பூவை விரித்தாற்போல ஒன்று அசைந்துகொண்டிருந்தது. பூவல்ல, உயிருள்ள பிராணி. கடல் சாமந்தி என்று பெயர். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன்கள் அதன் மடிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. பவளம் தன் வீட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறதாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தான் கடைச் சுண்ணாம்பு. தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஒரு பஞ்சுத் திரி வழியாகச் சொட்டவிடுவார். "மடமடன்னு ஊத்தினா பாலாத் திரிஞ்சுடும், டீச்சர். அதுக்குத் தெரியாமலேதான் கொடுக்கணும்" என்றார். அன்று அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

கடல் தண்ணீரைக் கொண்டுவந்தவர் ஞானமுத்து அண்ணன். மெட்ராஸ் வண்டியில் போகும்போதெல்லாம் பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, வைக்கோல் சுற்றி, கார்டு பெட்டியில் ஏற்றி வருவார். அந்தக் கடல் சாமந்தியையும் மண்டபம் என்கிற கடற்கரை ஊரிலிருந்து ரயில் மாறி மாறி, மடியை விட்டு இறக்காமல் அவர்தான் கொண்டுவந்தார். பிள்ளை இல்லாத வீடு. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆனால் அண்ணன் அந்தக் கடல் சாமந்தியைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா இன்னைக்கு நல்லா விரிஞ்சிருக்கு" என்று அவர் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு கோடையில் தங்கையின் பிரசவத்துக்காக ஃபுளோரா டீச்சர் கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டிவந்தது. தொட்டி அண்ணன் பொறுப்பு. கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, "தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினா, பிடிச்சு வச்ச மழைத் தண்ணியை ஊத்துங்க. கடல் தண்ணி ஊத்திடாதீங்க. வெயில்ல ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சொன்னது சொன்னபடி செய்தார். ஆனால் டீச்சர் திரும்பி வந்தபோது தொட்டியிலிருந்த இறால்கள் எல்லாம் செத்திருந்தன. பவளம் மூடிக்கொண்டிருந்தது. பாப்பா சுருங்கி, கசக்கிப் போட்ட துணி மாதிரி ஒரு மூலையில் கிடந்தது.

டீச்சர் உப்பை அளக்கும் கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. சாயத் திரவம் விட்டுப் புளிப்பைப் பார்த்தார், அதுவும் சரி. சுண்ணாம்பும் குறையவில்லை. அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மஞ்சள் போடு என்றார் ஒருவர், எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடு என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு ஏதோ சொன்னேன். டீச்சர் எதையும் போடவில்லை. "என்ன நோவுன்னு தெரியாம மருந்து போட்டா, அப்புறம் ரெண்டு நோவு" என்றார். தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் புதுக் கடல் தண்ணீரை விட்டுக்கொண்டு, தொட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "மீனுக்கு ஒண்ணுமில்ல. எலும்பில்லாத ஜீவனுக்கு மட்டும்தான் ஆகல. ஏன்?" என்று என்னைக் கேட்டார். ரசாயனம் எனக்கென்ன தெரியும்?

அன்று எனக்குத் தாகம். அண்ணன் அடுக்களையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "செம்புத் தண்ணி மாதிரி இருக்கே, நல்லாருக்கு" என்றேன். அவர் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "எங்கம்மா சீதனமாக் கொண்டுவந்த செம்புத் தவலை, டீச்சரம்மா. புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். பாப்பாவுக்கு மழைத் தண்ணிகூட இதுலதான் ஊத்தி வச்சிருந்தேன். அதை மண் ஜாடியில வைக்க மனசு வரல." செம்பில் நின்ற தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் யாருக்குத்தான் தெரியாது? டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார், நான் மூடிக்கொண்டேன்.

அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஒரு நாள் காப்பி குடிக்கும்போது, "ஏங்க, இறாலுக்கெல்லாம் செம்பு ஆகாதாம்" என்றார். "அப்படியா, பாவம்" என்றார் அண்ணன். சில நாள் கழித்து, "மழைத் தண்ணி செம்புல நின்னா, செம்பு கொஞ்சம் தண்ணியில இறங்கும்ங்க" என்றார். அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். தண்ணீர் மாற்றுவதும் இதே வேகத்தில்தான் நடந்தது. பாப்பா பாதி விரிந்து, மீன்கள் மறுபடி அதன் மடிக்குள் போன சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அண்ணன் தொட்டியைப் பார்த்தபடியே, "அப்போ, ஃபுளோரா, நான்தானா?" என்றார். "ஆமாங்க, நீங்கதான். இப்போ பாருங்க, விரிஞ்சிருச்சு" என்றார் டீச்சர். அந்த மனுஷன் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

வாசலுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன்: "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, டீச்சர்! இத்தனை நாள் எனக்கல்லவா மூச்சு முட்டிப்போச்சு?"

அவர் சொன்னார்: "உப்பு கூடிப்போச்சுன்னு ஒரேயடியா நல்ல தண்ணியை ஊத்தினா என்ன ஆகும்? ஊத்தினது நல்ல தண்ணிதான். ஆனா உள்ளே இருக்கிறது செத்துடும்."

இந்த வருஷம் பள்ளி திறந்ததும், மாடி வகுப்பு வேண்டாம், கீழே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முழங்கால் வலி என்று நினைத்தோம். ஆய்வகச் சாவியை, "ரெண்டு நாளைக்கு வச்சிருங்க" என்று என்னிடம் கொடுத்தார். பிறகு கேட்கவே இல்லை. வீட்டில் சுண்ணாம்பு கரைப்பதை அண்ணனைச் செய்யச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "அடுத்த மழைக்கு நீங்களே தண்ணி பிடிச்சுக்குவீங்கல்ல?" என்று ஒரு நாள் அவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாராம். நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்னதை டீச்சர் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் அந்த முன்னறையில் இருந்தேன். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு, மிதவையை விட்டு உப்பு பார்த்தார். துடைத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, அவ போகப்போறான்னு எனக்கு எப்படியோ தெரிஞ்சுதான் இருந்துச்சு. எப்போ சொன்னான்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

எனக்கும் ஞாபகம் வரவில்லை. ஃபுளோரா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நிதானம் ஒன்றுதான். ஒருவரிடம் ஓர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வாய் துறுதுறுக்கும்போது, அவரால் இன்றைக்கு எவ்வளவு தாங்க முடியும் என்று முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.